வேண்டாத கடை மெயில்களும் போலி அனுப்புநர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடைகளிலிருந்து வந்து குவியும் விளம்பர மெயில்கள், கடையின் பெயரைப் போட்டுக்கொண்டு வரும் போலி மெயில்கள் இரண்டையும் பற்றி எனக்குத் தெரிந்தவர்கள் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். அவற்றை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திருப்பிச் சொல்லவில்லை, எண்ணை மட்டும் சுட்டியிருக்கிறேன்.

1. ஒரே ஒரு தடவைதான் அந்தக் கடையில வாங்கினேன். அதுக்கு ஏன் தினமும் மெயில் வருது?

பணம் கட்டும் பக்கத்தில் "சலுகைகளை எனக்கு அனுப்பவும்" என்று ஒரு கட்டம், ஏற்கெனவே டிக் அடித்தபடி இருந்திருக்கும். அவசரத்தில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி இப்படி முன்கூட்டியே டிக் அடித்து வைப்பது சம்மதம் ஆகாது. அமெரிக்காவின் 2003-ஆம் ஆண்டுச் சட்டமோ சம்மதமே கேட்கச் சொல்வதில்லை. வேண்டாம் என்று சொன்னவருக்கு அனுப்பக்கூடாது, அவ்வளவுதான். கடை எந்த நாட்டில் இருக்கிறது, நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து உங்கள் உரிமை மாறும். ஆனால் எங்கே இருந்தாலும் கூடுதலாக ஒரு மெயில் அனுப்பக் கடைக்கு ஆகும் செலவு அற்பம். நீங்களாகச் சொல்லாதவரை அவர்களாக நிறுத்த மாட்டார்கள்.

ஆர்டர் உறுதி, டெலிவரி தகவல், ரசீது ஆகியவை விளம்பரக் கணக்கில் வராது. விளம்பரத்தை நிறுத்தினாலும் அவை வரும், வரவும் வேண்டும்.

2. அன்சப்ஸ்கிரைப் பண்ணலாமா? பண்ணினா இன்னும் அதிகமா வரும்னு சொல்றாங்களே?

இரண்டு பேச்சுமே பாதி உண்மை. நீங்கள் உண்மையாகவே வாங்கிய, பெயர் தெரிந்த கடை என்றால் தாராளமாக அன்சப்ஸ்கிரைப் செய்யுங்கள். அவர்களுக்குச் சட்டமும் இருக்கிறது, கெடுவதற்கு ஒரு பெயரும் இருக்கிறது. கேள்விப்படாத அனுப்புநர் என்றால் செய்யாதீர்கள். அந்த லிங்கை அமுக்கினால் "இந்த முகவரியில் ஒரு ஆள் இருக்கிறார், மெயிலைப் படிக்கிறார்" என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். போலிப் பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போகவும் செய்யலாம்.

முடிந்தவரை மெயிலின் அடியில் இருக்கும் பொடி எழுத்து லிங்கை விட, மெயில் சேவையே மேலே அனுப்புநர் பெயருக்கு அருகில் காட்டும் அன்சப்ஸ்கிரைப் பட்டனைப் பயன்படுத்துங்கள். 2017-இல் வந்த ஒரு தர வரையறையின்படி, அந்தப் பட்டனை அமுக்கினால் எந்தப் பக்கமும் திறக்காமல் கோரிக்கை நேரடியாக அனுப்புநரின் சர்வருக்குப் போய்விடும். 2024-இல் கூகுளும் யாகூவும் மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்களுக்கு இதைக் கட்டாயமாக்கிவிட்டன. கூகுள் கணக்கில் 'மொத்தம்' என்பது ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 5,000 மெயில்.

அன்சப்ஸ்கிரைப் செய்யப் பாஸ்வேர்டு கேட்டாலோ, கார்டு விவரம் கேட்டாலோ உடனே மூடிவிடுங்கள். மெயிலை நிறுத்துவதற்கு உங்கள் முகவரியைத் தவிர வேறு எதுவும் தேவையில்லை.

3. அன்சப்ஸ்கிரைப் கொடுத்து ஒரு வாரம் ஆச்சு. இன்னும் வந்துக்கிட்டே இருக்கு.

அமெரிக்கச் சட்டம் 10 வேலை நாள் அவகாசம் தருகிறது. மேலே சொன்ன கூகுள், யாகூ விதிகள் 2 நாளில் நிறுத்தச் சொல்கின்றன. ஒரு வாரம் என்பது எரிச்சல்தான், ஆனால் இன்னும் சட்டத்துக்கு உட்பட்ட எரிச்சல்.

இரண்டு வாரம் தாண்டியும் வந்தால் முதலில் ஒன்றைப் பாருங்கள். பெரிய கடைகள் 'வாராந்திரச் சலுகை', 'உறுப்பினர் செய்தி', 'கூடையில் விட்டுவந்த பொருள்' என்று தனித்தனிப் பட்டியல் வைத்திருக்கும். நீங்கள் விலகியது அதில் ஒன்றிலிருந்து மட்டுமாக இருக்கலாம். கடையின் தளத்தில் உங்கள் கணக்குக்குள் போய் எல்லாவற்றையும் ஒரேயடியாக அணைத்துவிடலாம். அதன் பிறகும் வந்தால் தயங்காமல் ஸ்பேம் என்று குறியுங்கள்.

4. ஸ்பேம்னு குறிக்கிறதா, பிளாக் பண்றதா, இல்ல சும்மா அழிச்சுட்டுப் போறதா?

அழித்தால் இன்று மட்டும் போகும். நாளைக்கு மறுபடி வரும்.

பிளாக் என்பது ஒரே முகவரியிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் பயன்படும். போலி மெயில்காரர்கள் ஒவ்வொரு தடவையும் வேறு முகவரியைப் போட்டுக்கொண்டு வருவார்கள், அவர்களைப் பிளாக் செய்து மாளாது. உண்மையான கடையைப் பிளாக் செய்தாலோ, நாளைக்கு அங்கே ஏதாவது வாங்கும்போது ரசீதும் சேர்ந்து காணாமல் போகலாம். ஸ்பேம் பட்டன் உங்களுக்கு மட்டுமல்ல, மெயில் சேவையின் வடிகட்டிக்கும் பாடம் சொல்கிறது. ஸ்பேம் புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்று மொத்த அனுப்புநர்களிடம் கூகுள் சொல்லியிருக்கிறது. ஆகவே அந்தப் பட்டனுக்குப் பலம் உண்டு. தெரிந்த கடைக்கு அன்சப்ஸ்கிரைப், தெரியாதவருக்கு ஸ்பேம், ஆள்மாறாட்டம் செய்கிறவருக்கு 'ஃபிஷிங்' புகார். நான் பின்பற்றுவது இதைத்தான்.

5. மெயிலைத் திறந்து பார்த்தாலே ஆபத்தா?

திறப்பதால் மட்டும் பாஸ்வேர்டு போய்விடாது. ஆனால் நீங்கள் திறந்தது அனுப்பியவருக்குத் தெரியலாம். விளம்பர மெயில்களில் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி அளவுப் படம் இருக்கும். அந்தப் படத்தை உங்கள் கருவி தரவிறக்கும் நேரம்தான் 'திறந்தார்' என்று பதிவாகும். அமைப்புகளில் வெளிப் படங்கள் தானாகத் திறப்பதை நிறுத்திவையுங்கள். ஆப்பிளின் மெயில் செயலியில் 2021 முதல் இதற்கென்றே ஒரு பாதுகாப்பு வசதி இருக்கிறது. லிங்கும் இணைப்புக் கோப்பும்தான் உண்மையான ஆபத்து.

6. அனுப்பினவர் இடத்துல கடையோட பெயர்தான் இருக்கு. அப்புறம் அது எப்படிப் போலி?

அந்த இடத்தில் வரும் பெயரை அனுப்புகிறவரே தட்டச்சு செய்கிறார். யாரும் சரிபார்ப்பதில்லை. நான் இப்போதே என் கணக்கு அமைப்பில் போய் என் பெயரை 'வாடிக்கையாளர் சேவை' என்று மாற்றிக்கொள்ளலாம், அடுத்த மெயிலிலிருந்து அப்படியே போகும். போனில் பெரும்பாலும் பெயர் மட்டும்தான் தெரியும், முகவரி மறைந்திருக்கும். ஏமாற்றுகிறவர்களுக்கு அது வசதி.

பெயரைத் தொட்டு முகவரியை விரித்துப் பாருங்கள். @ குறிக்குப் பின்னால் வருவதுதான் டொமைன். அதை வலது ஓரத்திலிருந்து படிக்க வேண்டும். 'கடை.சலுகை-மையம்.காம்' என்றிருந்தால் அது சலுகை-மையத்தின் மெயில், கடையின் மெயில் அல்ல. 'சலுகை.கடை.காம்' என்றால் கடையுடையது. ஒரு எழுத்தை மாற்றியோ, ஒன்றுபோலத் தெரியும் வேற்றுமொழி எழுத்தைச் செருகியோ பதிவு செய்த டொமைன்களும் உண்டு. அவற்றைக் கண்ணால் பிடிப்பது சிரமம்.

7. முகவரியையும் பார்த்துட்டேன், எழுத்துக்கு எழுத்து சரியா இருக்கு. இப்பவாவது நம்பலாமா?

இப்போதும் முழுதாக நம்ப முடியாது. மெயில் ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் விதிமுறையைக் கணினி அறிஞர் ஜான் போஸ்டல் 1982-இல் வெளியிட்டார். அப்போது இணையத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆராய்ச்சி நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும்தான். அனுப்புநர் சொல்வது உண்மையா என்று சோதிக்கும் ஏற்பாடு அதில் இல்லை. அதே அடித்தளத்தில்தான் இன்றும் மெயில் ஓடுகிறது. தபால் உறையின் மூலையில் அனுப்புநர் என்று யார் முகவரியை வேண்டுமானாலும் எழுதலாம், தபால்காரர் கொண்டுவந்து கொடுத்துவிடுவார் அல்லவா, அப்படித்தான்.

இதில் ஒரு கூடுதல் சிக்கல், ஒரு மெயிலில் அனுப்புநர் முகவரி இரண்டு இருக்கும். ஒன்று சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது சொல்வது. திரும்பி வரும் மெயில்கள் அதற்குத்தான் போகும். இன்னொன்று நம் திரையில் தெரிவது. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று பழைய விதிமுறை கேட்பதில்லை. போதாக்குறைக்கு 'பதில் அனுப்ப வேண்டிய முகவரி' என்று மூன்றாவதாக ஒன்றும் வைக்கலாம். திரையில் கடையின் முகவரி தெரியும், நீங்கள் ரிப்ளை கொடுத்தால் வேறு ஒருவருக்குப் போகும்.

8. அப்போ உண்மையா போலியான்னு எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?

பழைய ஓட்டையை அடைக்கப் பிற்பாடு மூன்று ஏற்பாடுகள் வந்தன. எஸ்பிஎஃப் என்பது, 'எங்கள் டொமைன் பெயரில் இந்தச் சர்வர்கள்தான் மெயில் அனுப்பும்' என்று டொமைன் உரிமையாளர் வெளியிடும் பட்டியல். டிகிம் என்பது மெயிலில் இடும் மின்கையொப்பம், வழியில் யாராவது திருத்தினால் காட்டிக்கொடுத்துவிடும். இந்த இரண்டில் ஒன்றாவது, திரையில் தெரியும் முகவரியின் டொமைனோடு பொருந்த வேண்டும் என்று கேட்பது டிமார்க். பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்பதையும் டொமைன் உரிமையாளரே அதில் சொல்லிவைக்கலாம். நமக்கு உண்மையில் உதவுவது இந்த மூன்றாவதுதான். முதலில் சொன்ன எஸ்பிஎஃப் தனியாகப் பார்த்தால், திரையில் தெரியாத அந்த மறைவு முகவரியை மட்டும்தான் சோதிக்கிறது.

பார்ப்பது எளிது. ஜிமெயிலைக் கணினியில் திறந்து, மெயிலின் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளியை அமுக்கி 'ஷோ ஒரிஜினல்' கொடுத்தால் மூன்றுக்கும் பாஸ், ஃபெயில் என்று மேலேயே காட்டும். போனில் அனுப்புநர் விவரத்தை விரித்தால் 'மெயில்டு-பை', 'சைன்டு-பை' என்று இரண்டு வரி வரும். கையொப்பமிட்டது கடையின் டொமைனா என்று பாருங்கள்.

அதற்காக ஒரு ஃபெயிலைப் பார்த்ததும் பதற வேண்டாம். கடைகள் பெரும்பாலும் மெயில்சிம்ப் போன்ற சேவைகள் மூலம்தான் அனுப்புகின்றன, அதனால் 'மெயில்டு-பை' வரியில் வேறு பெயர் இருப்பது சகஜம். பழைய முகவரியிலிருந்து இங்கே ஃபார்வர்டு ஆகி வரும் மெயிலில் எஸ்பிஎஃப் உடைந்துபோகும், டிகிம் தப்பித்துவிடும். உண்மையான மெயிலிலேயே லிங்குகள் கிளிக்கை எண்ணும் ஏதோ ஒரு நீளமான முகவரி வழியாகச் சுற்றிப் போகும். லிங்கின் மேல் அம்புக்குறியை வைத்துப் பார்த்து முடிவு செய்யச் சொல்லும் பழைய அறிவுரை இதனால்தான் இப்போது அவ்வளவாகக் கை கொடுப்பதில்லை.

9. மூணும் பாஸ்னு வந்திருக்கு. அப்போ நல்ல மெயில்தானே?

அது அந்த டொமைனிலிருந்துதான் வந்தது என்பது மட்டும் உறுதி. அந்த டொமைன் யாருடையது என்பது வேறு விஷயம். கேள்வி 6-இல் சொன்ன மாதிரி கடையின் பெயரைப் போலவே ஒரு டொமைனைக் காசு கொடுத்து வாங்கினால், மோசடிக்காரரும் மூன்றையும் ஒழுங்காக அமைத்துக்கொள்ளலாம். பலர் அமைத்துக்கொள்கிறார்கள். உண்மையான ஒருவரின் கணக்கைத் திருடி அதிலிருந்தே அனுப்பினாலும் எல்லாம் பாஸ்தான்.

அதனால் நான் சோதனை முடிவைவிட ஒரு பழக்கத்தையே அதிகம் நம்புகிறேன். மெயில் எதைச் சொன்னாலும், மெயிலில் உள்ள லிங்க் வழியாகப் போவதில்லை. 'உங்கள் ஆர்டர் நின்றுவிட்டது', 'கணக்கு முடங்கும்' என்றால் கடையின் செயலியையோ, நானே தட்டச்சு செய்த முகவரியையோ திறந்து பார்க்கிறேன். உண்மை என்றால் அங்கேயும் அதே செய்தி இருக்கும். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் கேள்வி 8-இல் சொன்னதெல்லாம் ஆர்வத்துக்காகப் பார்ப்பதாகிவிடும்.

10. என் முகவரியில இருந்தே எனக்கு மெயில் வருது! ஹேக் பண்ணிட்டாங்களா?

பெரும்பாலும் இல்லை. கேள்வி 7-இல் சொன்ன அதே தந்திரம்தான், இந்தத் தடவை அனுப்புநர் இடத்தில் உங்கள் முகவரியையே எழுதியிருக்கிறார்கள். 'உங்கள் கேமராவில் பதிவு செய்துவிட்டேன், பிட்காயினில் பணம் அனுப்பு' என்று மிரட்டுகிறவர்களுக்கு இது பிடித்த உத்தி. உங்கள் பழைய பாஸ்வேர்டு ஒன்றையும் மெயிலில் போட்டிருந்தால் அது எப்போதோ ஏதோ ஒரு தளத்திலிருந்து கசிந்த பட்டியலில் கிடைத்ததாக இருக்கும். இணையப் பாதுகாப்பு வல்லுநர் ட்ராய் ஹன்ட் 2013-இல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளத்தில் உங்கள் முகவரியைக் கொடுத்தால் எந்தெந்தக் கசிவில் அது இருக்கிறது என்று காட்டும். அந்தப் பாஸ்வேர்டை இன்னும் எங்காவது பயன்படுத்தினால் மாற்றிவிடுங்கள். பணம் அனுப்பாதீர்கள், பதிலும் போடாதீர்கள்.

சந்தேகம் தீர வேண்டும் என்றால் 'அனுப்பியவை' கோப்புறையையும், கணக்கில் சமீபத்தில் உள்நுழைந்த கருவிகளின் பட்டியலையும், உங்களுக்குத் தெரியாமல் ஃபார்வர்டோ ஃபில்டரோ சேர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். கடைசியில் சொன்னதைப் பலர் பார்ப்பதே இல்லை. கணக்குக்குள் உண்மையாகவே புகுந்தவர்கள் முதலில் கை வைப்பது அங்கேதான்.

11. நான் அனுப்பாத மெயிலெல்லாம் 'டெலிவரி ஆகவில்லை'ன்னு திரும்பி வருது.

யாரோ உங்கள் முகவரியை அனுப்புநராகப் போட்டு ஊரெல்லாம் குப்பை அனுப்பியிருக்கிறார்கள். சேராதவை எல்லாம் உங்கள் தலையில் விழுகின்றன. கேள்வி 10-இன் கடைசிப் பத்தியில் சொன்ன சோதனைகளைச் செய்யுங்கள். அதில் எதுவும் இல்லையென்றால் உங்கள் கணக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. பெரும்பாலும் சில நாளில் அவர்கள் வேறு முகவரிக்குப் போய்விடுவார்கள், இதுவும் நின்றுவிடும்.

12. ஒரு கடைக்கு மட்டும்னு தனியா கொடுத்த முகவரிக்கு வேற யார் யாரோ அனுப்புறாங்க. கடைக்காரங்க வித்துட்டாங்களா?

முதலில் இந்தத் தனி முகவரி வித்தையைத் தெரியாதவர்களுக்காக: ஜிமெயில் உட்படப் பல சேவைகளில் உங்கள் பெயருக்குப் பின்னால் கூட்டல் குறியும் ஒரு சொல்லும் சேர்த்துக் கொடுக்கலாம். 'பெயர்+செருப்பு@' என்று கொடுத்தாலும் மெயில் உங்களுக்கே வந்து சேரும். எந்த முகவரிக்கு வந்தது என்று பார்த்தாலே எங்கிருந்து கசிந்தது என்று தெரியும். சில தளங்கள் கூட்டல் குறியை ஏற்பதில்லை. கூட்டலை வெட்டிவிட்டு அனுப்பும் ஸ்பேமர்களும் உண்டு. ஆப்பிளின் 'ஹைட் மை ஈமெயில்', 'ஃபயர்ஃபாக்ஸ் ரிலே' இரண்டும் இன்னும் வலுவானவை. ஒவ்வொரு கடைக்கும் சம்பந்தமில்லாத ஒரு முகவரியை உருவாக்கித் தரும், தொல்லை வந்தால் அதை மட்டும் அணைத்துவிடலாம்.

விற்றார்களா என்றால், விற்றிருக்கலாம். திருட்டுப் போயிருக்கவும் அதே அளவு வாய்ப்பு உண்டு. 2011-இல் எப்சிலான் என்ற மெயில் விளம்பர நிறுவனத்துக்குள் யாரோ புகுந்து, அதன் வாடிக்கையாளர்களாக இருந்த பல பெரிய கடைகளும் வங்கிகளும் வைத்திருந்த பெயர், முகவரிப் பட்டியல்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அந்தப் பட்டியல்களில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் எப்சிலான் என்ற பெயரையே அதுவரை கேட்டிருக்க மாட்டார்கள். கடைக்கு எழுதிக் கேளுங்கள், எந்த முகவரி என்பதையும் குறிப்பிடுங்கள். சண்டை போடும் தொனி வேண்டாம், கசிவு நடந்திருப்பதே அவர்களுக்கு உங்கள் மெயிலால்தான் தெரியவரலாம்.

13. யாரோ வாங்கின பொருளுக்கு எனக்கு ரசீது வருது. என்ன பண்றது?

பெரும்பாலும் உங்கள் பெயரே கொண்ட ஒருவர் முகவரியைத் தப்பாக அடித்திருப்பார். ஜிமெயில் பெயருக்கு நடுவே வரும் புள்ளிகளைக் கணக்கில் எடுப்பதில்லை என்பதும் பலருக்குத் தெரியாது. புள்ளி வைத்ததும் வைக்காததும் ஒரே கணக்குதான். ரசீதில் இருக்கும் லிங்க் வழியாக அவர் கணக்குக்குள் போய் 'சரி செய்துவிட' முயலாதீர்கள், நல்ல எண்ணமாக இருந்தாலும் அது அடுத்தவர் கணக்கு. கடையின் தளத்துக்குப் போய்த் தகவல் சொல்லுங்கள்.

பெரிய தொகைக்கு ரசீது வந்து, 'இது உங்கள் ஆர்டர் இல்லையென்றால் இந்த எண்ணுக்கு அழைக்கவும்' என்றிருந்தால் அது வேறு கதை. அந்த எண்தான் வலை. லிங்கே இல்லாததால் வடிகட்டிகளில் இது எளிதில் மாட்டுவதில்லை. அழைக்காதீர்கள். உங்கள் கார்டில் பணம் போயிருக்கிறதா என்று வங்கிச் செயலியில் பாருங்கள். போகவில்லையென்றால் ஃபிஷிங் என்று குறித்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

14. ஒரே ராத்திரியில நூத்துக்கணக்கா நியூஸ்லெட்டர் மெயில். நான் எதிலும் சேரவே இல்லை!

இதைச் சாதாரண ஸ்பேம் என்று தள்ளிவிடாதீர்கள். உங்கள் முகவரியை ஒரு நிரல் நூற்றுக்கணக்கான தளங்களில் பதிவு செய்திருக்கிறது. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: அந்தக் குவியலுக்கு நடுவே ஒரு முக்கியமான மெயிலை நீங்கள் பார்க்கக்கூடாது. 'ஆர்டர் பெறப்பட்டது', 'பாஸ்வேர்டு மாற்றப்பட்டது', 'டெலிவரி முகவரி மாறியது' போன்ற ஒன்று உள்ளே புதைந்திருக்கும்.

குப்பையை அள்ளுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். முதலில் வங்கி, கார்டு, நீங்கள் கார்டைச் சேமித்து வைத்திருக்கும் கடைகள் ஆகியவற்றைத் திறந்து பாருங்கள். இன்பாக்ஸில் அந்தப் பெயர்களைத் தேடுங்கள். ஏதாவது நடந்திருந்தால் வங்கியை அழைத்துக் கார்டை நிறுத்துங்கள். வந்து குவிந்ததில் பல 'உறுதி செய்ய இங்கே அமுக்கவும்' வகையாக இருக்கும், அமுக்காமல் விட்டால் தானாகக் காலாவதியாகிவிடும்.

15. லிங்கை அமுக்கிட்டேன். இப்போ என்ன செய்யணும்?

அமுக்கி, பக்கத்தைப் பார்த்துவிட்டு மூடிவிட்டீர்கள் என்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. பிரவுசரையும் போனையும் அப்டேட் செய்துவிடுங்கள். பாஸ்வேர்டு கொடுத்திருந்தால் அந்தத் தளத்தில் உடனே மாற்றுங்கள், அதே பாஸ்வேர்டு வைத்திருக்கும் மற்ற இடங்களிலும் மாற்றுங்கள், இரண்டு படிச் சரிபார்ப்பைப் போடுங்கள். கார்டு எண் கொடுத்திருந்தால் கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணில் வங்கியை அழையுங்கள், மெயிலில் இருக்கும் எண்ணில் அல்ல. எதையாவது தரவிறக்கித் திறந்திருந்தால் இணையத்தைத் துண்டித்துவிட்டு வைரஸ் சோதனை நடத்துங்கள், பாஸ்வேர்டுகளை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள்.

16. நான் சின்னதா ஆன்லைன் கடை நடத்துறேன். என் கடை பேர்ல யாரோ வாடிக்கையாளருக்கு மெயில் அனுப்புறாங்க. நான் என்ன செய்ய முடியும்?

கேள்வி 8-இல் சொன்ன மூன்றையும் உங்கள் டொமைனில் அமைக்க வேண்டும். முதலில் உங்கள் பெயரில் மெயில் அனுப்பும் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள்: உங்கள் மெயில்பெட்டி, பில் போடும் மென்பொருள், நியூஸ்லெட்டர் சேவை, டெலிவரி தகவல் அனுப்பும் சேவை. ஏதாவது ஒன்று விட்டுப்போவதுதான் வழக்கம். அதனால் டிமார்க்கை முதலில் 'நன்' நிலையில் வையுங்கள். அது எதையும் தடுக்காது, ஆனால் அறிக்கை பெற ஒரு முகவரியையும் அதில் கொடுத்துவைத்தால், உங்கள் பெயரில் எந்தெந்தச் சர்வர்கள் அனுப்புகின்றன என்ற அறிக்கை வரத் தொடங்கும். சில வாரம் அதைப் பார்த்து, உங்களுடையவை எல்லாம் பாஸ் ஆகின்றன என்று தெரிந்த பிறகு 'குவாரன்டைன்' (பொருந்தாதவை ஸ்பேமுக்குப் போகும்), அதன் பிறகு 'ரிஜெக்ட்' (பொருந்தாதவற்றை ஏற்கவே ஏற்காது). அவசரப்பட்டு முதல் நாளே ரிஜெக்ட் போட்டால் உங்கள் ரசீதுகளே வாடிக்கையாளருக்குப் போய்ச் சேராது.

இது உங்கள் டொமைனை அப்படியே எழுதிக்கொண்டு வருகிறவர்களைத்தான் தடுக்கும். பெயரை மட்டும் திருடுகிறவர்களையும், ஒரு எழுத்து மாற்றிய டொமைனில் வருகிறவர்களையும் தடுக்காது. அவர்கள் டொமைனைப் பதிவு செய்துகொடுத்த நிறுவனத்துக்குப் புகார் அனுப்புங்கள், போலி மெயிலின் முழுத் தலைப்புப் பகுதியையும் ('ஷோ ஒரிஜினல்' காட்டும் விவரங்கள்) சேர்த்து. உங்கள் தளத்தில் 'நாங்கள் இந்த முகவரியிலிருந்து மட்டும்தான் எழுதுவோம், மெயிலில் பாஸ்வேர்டு கேட்க மாட்டோம்' என்று ஒரு வரி போட்டுவையுங்கள்.

வாங்கி வைத்துவிட்டுப் பயன்படுத்தாமல் கிடக்கும் வேறு டொமைன்கள் இருந்தால் அவற்றையும் மறக்க வேண்டாம். 'இதன் பெயரில் எந்தச் சர்வரும் மெயில் அனுப்பாது' என்ற எஸ்பிஎஃப் பதிவையும் ரிஜெக்ட் நிலையில் டிமார்க்கையும் அவற்றில் முதல் நாளே போட்டுவிடலாம். அங்கே உங்கள் மெயில் எதுவும் கெட்டுப்போக வழியில்லை.